வண்டுச் சத்தமும் ட்ரோன் ஆசையும்: கொழும்பு வானத்தின் கதை

 

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இப்போது வழக்கமாகிவிட்டது. "சேர், கமரா ட்ரோன் வாங்கலாமா? எங்கே பறக்க விடலாம்?" வெள்ளவத்தைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் மாமா கொண்டுவருவதாகச் சொல்லியிருப்பார். வீட்டில் உம்மா, அம்மா எல்லோருடைய பதிலும் ஒன்றுதான்: "வேணாம், வீண் வம்பு."

எந்த மொடல் நல்லது என்பதை யூடியூப் சொல்லித் தரும். உம்மா ஏன் வேணாம் என்கிறார் என்பதை அது சொல்லாது. அதற்கு நாம் கொழும்பு வானத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சரித்திர பாடம் எடுக்கும் எங்களுக்கு அது பிடித்த வேலையும் கூட.

முதலில் கமரா. இப்னு அல்-ஹைதம் கமராவைக் கண்டுபிடித்தார் என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது மிகை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் இருந்துகொண்டு, இருட்டறைக்குள் சிறு துளை வழியாக நுழையும் ஒளி எப்படி வெளியிலுள்ள பொருளின் உருவத்தைத் தருகிறது என்பதைச் சோதித்து விளக்கியவர் அவர். அந்த உருவத்தைப் பிடித்து வைக்கும் வித்தை 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. செய்ததைச் செய்தார் என்று சொன்னாலே அவருக்குப் போதுமான பெருமை.

படம் பிடிக்கத் தெரிந்ததும் மனிதனுக்கு மேலேறிப் பிடிக்க ஆசை வந்தது. 1858இல் பிரான்ஸ் நாட்டு நாடார் என்ற புகைப்படக்காரர் (நம் ஊர்ப் பெயரல்ல, அது அவரது புனைபெயர்) பலூனில் ஏறிப் படம் எடுத்தார். 1888இல் ஆர்தர் பட்யூ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பட்டத்தில் கமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். காலிமுகத்திடலில் பட்டம் விடும் நமக்கு இவர் நெருங்கிய சொந்தம். ஜேர்மனியில் ஜூலியஸ் நொய்ப்ரோனர் என்ற மருந்துக் கடைக்காரர் புறாவின் நெஞ்சில் சிறு கமராவைக் கட்டி, 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இவர்கள் எல்லோருமே ஆசைக்காகச் செய்தவர்கள். கமரா ட்ரோன் பொழுதுபோக்கின் மூதாதையர் இவர்கள்தான்.

நம் ஊருக்கு வருவோம். 1912 டிசம்பரில் மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சு விமானி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்து காட்டினார். 1935 நவம்பர் 27ஆம் திகதி மதராஸ் பறக்கும் கழகத்தின் பயிற்சியாளர் ஒருவர் ஓட்டி வந்த சிறிய டி ஹவிலண்ட் விமானம் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது. வெள்ளவத்தையிலிருந்து அந்த விமான நிலையம் நேர்கோட்டில் ஆறு ஏழு கிலோமீற்றர்தான். இந்தத் தூரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே 1935இல் இங்கிலாந்தில் அதே டி ஹவிலண்ட் கம்பனி, ஆளில்லாமல் ரேடியோவால் இயங்கும் விமானம் ஒன்றைச் செய்தது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. பெயர் 'குயின் பீ', அதாவது ராணித் தேனீ. அமெரிக்கர்கள் அந்தப் பெயரைப் பார்த்துத் தங்களுடையதற்கு 'ட்ரோன்', ஆண் தேனீ, என்று வைத்தார்கள் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். விளையாட்டுப் பொருளின் பெயர் போல ஒலிக்கும் இந்தச் சொல் பிறந்த இடம் பட்டாளம்.

கொழும்பு வானமும் பட்டாளத்தின் கையில்தான் நீண்ட காலம் இருந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பூர்ப் பறந்து காட்டிய அதே பந்தயத் திடல் அப்போது விமானத் தளமாக மாற்றப்பட்டிருந்தது. பிரித்தானியரின் ஹரிகேன் விமானங்கள் அங்கிருந்து எழுந்து சண்டையிட்டன. துறைமுகம் இலக்கானது. அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. மேலிருந்து பார்க்கும் கண் தவறாகப் பார்த்தால் கீழே யார் சாவார்கள் என்பதற்கு அது ஒரு பாடம்.

மேலிருந்து எடுத்த படம் நல்லதற்கும் பயன்பட்டது. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு நாடு முழுவதும் வான்வழிப் படங்கள் எடுக்கப்பட்டன. அளவு 1:40,000. காடு, குளம், வயல், மண் வளம் பற்றிய வரைபடங்களுக்கு அந்தப் படங்கள் அடிப்படையாகின. ஆனால் அவையும் அரசாங்கத்தின் படங்கள். சாதாரண மனிதன் தன் தெருவை மேலிருந்து பார்த்ததில்லை.

பிறகு யுத்தம். விமானப்படை 1996இல் இஸ்ரேலிலிருந்து ஆளில்லா வேவு விமானங்களைக் கொண்டுவந்தது. வன்னி மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வண்டு'. மேலே விடாமல் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். வண்டு சுற்றினால் பின்னால் கிபிர் வரும், ஷெல் வரும் என்று மக்கள் பங்கருக்கு ஓடினார்கள். இங்கிலாந்துக்காரன் ராணித் தேனீ என்றான், அமெரிக்கன் ஆண் தேனீ என்றான், நம் மக்கள் வண்டு என்றார்கள். மூன்று பெயரும் சத்தத்தோடு பொருந்துகின்றன. ஆனால் நம் மக்கள் அந்தப் பெயரைக் கீழே நின்று, பயத்தோடு வைத்தார்கள்.

கொழும்புக்கும் அந்தப் பயம் வந்தது. 2007 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு ஊரே உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது, எதிரணி அவுஸ்திரேலியா. நள்ளிரவு தாண்டியதும் மின்சாரம் போனது. வானத்தை நோக்கி வேட்டுச் சத்தம். புலிகளின் சிறிய விமானங்கள் கொலன்னாவை, முத்துராஜவெலப் பக்கம் எரிபொருள், எரிவாயு நிலையங்களைக் குறிவைத்து வந்திருந்தன. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு அப்படி வந்த விமானம் ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தின் மேலேயே விழுந்தது. அந்த வருடங்களில் கொழும்பில் இருந்தவர்கள் இன்றும் திடீரென்று கரண்ட் போனால் ஒரு நொடி மேலே பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்து நான்கு வருடங்களுக்குள் உலகத்தில் வேறொரு மாற்றம். கைத்தொலைபேசிக்காக மலிவாகச் செய்யப்பட்ட சிறு உணரிகளும் ஜி.பி.எஸ். சில்லும், எடை குறைந்த லித்தியம் பட்டரியும் சேர்ந்து நான்கு விசிறிப் பறவையைச் சாத்தியமாக்கின. நான்கில் இரண்டு விசிறிகள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும்; உள்ளிருக்கும் சிறு கணினி ஒவ்வொன்றின் வேகத்தையும் கணத்துக்குக் கணம் மாற்றிச் சமநிலை பிடிக்கும். சீனாவின் ஷென்சென் நகரத்து டிஜேஐ கம்பனி 2013 ஜனவரியில் 'பாந்தம்' என்ற ட்ரோனை வெளியிட்டது. பெட்டியைத் திறந்து சிறிது நேரத்தில் பறக்கவிடலாம். அதற்கு முன் இது பெரும்பாலும் தானே பாகம் பொருத்தத் தெரிந்தவர்களின் விளையாட்டு. அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக் கமராக்காரரின் தொழில் சாமான்.

இங்கே இன்னொரு உயிர்த்த ஞாயிறு வருகிறது. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் கொட்டாஞ்சேனையின் வாசலில் இருக்கிறது. எல்லா மதத்தவரும் செவ்வாய்க்கிழமைகளில் போய் மெழுகுதிரி ஏற்றும் இடம். அங்கே என்ன நடந்தது என்று நாம் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 25இல், சிவில் விமான சேவைகள் அதிகார சபை நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தது. தாக்குதல் வானத்திலிருந்து வரவில்லை. இருந்தும் நாடு முழுக்க மேலே பார்த்துப் பயந்தது.

அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் வேறொரு பயமும் இருந்தது. முஸ்லிம் வீட்டுப் பையன் கையில் வயரும் பட்டரியும் கமராவும் உள்ள ஒரு சாமான் இருந்தால் ஊர் என்ன நினைக்கும், பொலிஸ் என்ன கேட்கும்? கடந்த காலத்தில் இதே கேள்வி தமிழ்ப் பையன்களின் பெற்றோருக்கு இருந்தது. ஆக "வேணாம், வீண் வம்பு" என்ற பதில் சும்மா வந்ததல்ல. அந்த மூன்று சொல்லுக்குள் முப்பது வருடச் சரித்திரம் இருக்கிறது.

2020 நவம்பரில் கொரோனாவால் முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகள் முடக்கப்பட்டபோது, வெளியே வந்தவர்களை விமானப்படையின் ட்ரோன் கமராக்கள் மேலிருந்து பிடித்துக் கொடுத்தன. நெருக்கமான தோட்டங்களில் ஒற்றை அறையில் குடும்பமாக அடைபட்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்தாலும் மேலே ஒரு கண். நோய்த் தடுப்புக்கு அது தேவைதான் என்பவர்களும் உண்டு. கீழே நின்றவர்களின் மனதில் எது மிஞ்சியது என்பதையும் நாம் எழுதி வைக்க வேண்டும்.

2022 ஜூலை 9ஆம் திகதி வேறொரு படம் வந்தது. காலிமுகத்திடலையும் கோட்டையையும் நிறைத்த மக்கள் வெள்ளத்தை ட்ரோன் கமராக்கள் உலகத்துக்குக் காட்டின. அத்தனை நாளும் ஆட்சியாளர் மேலிருந்து மக்களைப் பார்த்த ஊரில், மக்கள் தங்களைத் தாங்களே மேலிருந்து பார்த்த நாள் அது. அந்தப் படம் இல்லையென்றால் "கொஞ்சப் பேர்தான் வந்தார்கள்" என்று யாரும் சொல்லியிருக்கலாம்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். வாங்கலாமா? வாங்கலாம் என்பதே எங்கள் பதில். பயத்தை மட்டும் சொத்தாகக் கொடுத்துவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. நில அளவை, விவசாயம், வெள்ள நிவாரணம், செய்தித்துறை என்று இந்தக் கைத்தொழிலுக்கு நாளைக்குத் தேவை இருக்கிறது. நம் பிள்ளைகள் அதிலிருந்து தாமாகவே ஒதுங்கக் கூடாது. ஆனால் தொடங்கும் முறை இருக்கிறது.

சாமானுக்கு முதல் கடதாசி. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் நாட்டின் வான்பரப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பொறுப்பில் இருக்கிறது. ட்ரோனுக்கான பதிவு, அனுமதி விதிகளை அவர்களிடமே கேளுங்கள். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், ரேடியோ கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தொடர்புபடும். மாமா பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும், கட்டுநாயக்கவில் வந்து இறங்கிய பிறகு அல்ல. "249 கிராம்தான், பதிவு தேவையில்லை" என்று கடைக்காரர் சொல்வார். 250 கிராம் என்பது அமெரிக்கா 2015இல் போட்ட கோடு. அதற்கு ஒரு கிராம் குறைத்து மொடல் செய்தார்கள். நமக்கு நம் நாட்டு விதிதான் விதி.

அடுத்தது இடம். வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து விடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆறு ஏழு கிலோமீற்றர் ஞாபகம் இருக்கிறதா? இரத்மலானை விமான நிலையத்துக்குப் பக்கத்து வானம் அது. கடற்கரையில் தென்மேல் பருவக்காற்று சிறு ட்ரோனைத் திரும்ப விடாமல் தள்ளிவிடும். உப்புக்காற்று மோட்டாரைத் தின்னும். காகங்கள் கூட்டமாக வந்து கொத்தும். கொட்டாஞ்சேனையில் பக்கத்திலேயே துறைமுகம், தலைக்கு மேல் வயர்க் காடு, சுற்றிலும் ஆலயங்களும் கோவில்களும் பள்ளிவாசல்களும் சனமும். பழகுவதற்கு நகரத்துக்கு வெளியே, உரிமையாளர் சம்மதித்த, அனுமதி கிடைத்த வெறும் மைதானம் வேண்டும்.

பழக்கம் மூன்றாவது. முதல் இரண்டு வாரம் கணினியில் சிமியூலேட்டரில் விழுந்து எழும்புங்கள். பிறகு காலையில், காற்று எழும்ப முன், ஆள் உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். ட்ரோனின் முகம் உங்களை நோக்கித் திரும்பினால் இடம் வலமாகிவிடும். விபத்துகள் பல அங்கேதான். கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்ட வேண்டாம். பட்டரி மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே இறக்குங்கள். வீங்கிய லித்தியம் பட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

கடைசியாக அயலவர். நம் மார்க்கத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது, துருவிப் பார்க்கக் கூடாது என்பது சின்ன வயதில் ஓதிக்கொடுத்த பாடம். கமரா போனாலும் அது நீங்கள் போனதுதான். மாடியில் உடுப்புக் காயப்போடும் பெண்ணுக்கு அந்த மாடி வீட்டின் உள்ளறை. அதைவிட முக்கியம் சத்தம். வெள்ளவத்தை பிளட்டில் உங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர் வன்னியிலிருந்து வந்தவராக இருக்கலாம். உங்களுக்கு விளையாட்டாகக் கேட்பது அவருக்கு வண்டு. கொட்டாஞ்சேனையில் அடுத்த வீட்டில் அந்த ஞாயிறன்று ஒருவரைப் பறிகொடுத்தவர் இருக்கலாம். அவர்களுடைய பயம் உங்கள் மீதான வெறுப்பல்ல. அதைத் தெரிந்துகொண்டு நடப்பது உங்கள் கடமை.

ஆகவே அனுமதிக் கடதாசி கைக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அயல் வீட்டுக் கதவைத் தட்டி, "இது என்னுடையது, இன்ன இடத்தில் பழகப் போகிறேன், உங்கள் வீட்டுப் பக்கம் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எடுத்த படத்தைப் பிறகு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரியவர்கள் சிலர் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊரை, தங்கள் குளத்தை இப்படிப் பார்க்க முடியுமா என்று கேட்பார்கள். முறைப்படி அனுமதி எடுத்து, ஒரு நாள் அவர்களுக்கு அதை எடுத்துக் கொடுங்கள்.