பிறர் போற்றும் நூல்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். என் அக்காள் அங்கே ஃபேரர் பார்க்கில், அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறாள். நான் போன நேரம் வீட்டில் ஒரு மனத்தாங்கல். அக்காளின் மாமியார் மாலைதோறும் விளக்கேற்றி, மஞ்சள் துணியில் பொதிந்து வைத்திருக்கும் பெரிய எழுத்து இராமாயணத்தைப் பிரித்துச் சில பக்கம் படிப்பார். கல்லூரியில் படிக்கும் பேரன் அந்தப் புத்தகத்தின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான். அட்டையில் வட்டமாய் ஒரு கறை. பாட்டி இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை.

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, சின்னம்மா. எனக்கு அது வெறும் காகிதம். நான் எதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்?" என்று என்னிடம் வழக்கு வைத்தான்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் தோட்டத்துப் பழக்கம். லயத்து வீட்டில் பிறந்த எனக்கும் அது உண்டு. ஆனால் பையன் கேட்டது பழக்கத்தைப் பற்றியன்று, கடமையைப் பற்றி. அதட்டினால் வாய் மூடிக்கொள்வான், கேள்வி மூடிக்கொள்ளாது. மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

ஃபேரர் பார்க் முன்னாளில் குதிரைப் பந்தயத் திடல். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. பக்கத்துச் சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். அதே சாலையில் அங்குலியா பள்ளிவாசல். ரேஸ் கோர்ஸ் சாலைக்குத் திரும்பினால் மிகப் பெரிய புத்தர் அமர்ந்திருக்கும் கோயில், சீனர்களின் மெதடிஸ்ட் தேவாலயம். சிறிது நேர நடையில் நான்கு சமயங்களின் நூல்கள்! ஒன்றை நம்புகிறவர் மற்ற மூன்றுக்கும் நம்பாதவர்தானே? "தம்பி, இந்தக் கேள்வி உனக்கு மட்டும் உரியதன்று. பெருமாளைக் கும்பிடும் உன் பாட்டிக்கும் உரியது" என்றேன்.

இது நம்மவர்க்குப் புதிய கேள்வியுமன்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் பேசிச் சென்றார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் தூணாக நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். சாதியையும் மூடப்பழக்கத்தையும் இவர்கள் தாட்சண்யமின்றிச் சாடினார்கள். தமிழ்நாட்டில் 1943இல் பேச்சு இன்னும் சூடேறியது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாடினார். சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் செய்தனர். ஒன்றைக் கவனியுங்கள். கொளுத்தச் சொன்னவர் கம்பனைப் படித்துவிட்டுத்தான் மேடையேறினார். மறுத்தவர்களும் சொல்லுக்குச் சொல்லால்தான் மறுத்தார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மகாத் என்னும் ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீரைத் தொட உரிமை கேட்ட மக்களோடு நின்று, 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தார். நம் தாத்தா பாட்டிமாரில் பலர் அந்த மக்களைப் போலவே ஒதுக்கப்பட்டுக் கப்பலேறியவர்கள். தம்மை மனிதராக மதிக்காத நூலை நீங்கள் மதியுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு நா எழாது.

சட்டம் என்ன சொல்லிற்று? 1953 மே மாதம் திருச்சியில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு வந்தது. கோயிலில் வைத்து வணங்காத பொம்மை புனிதப் பொருளாகாது என்று கீழ்நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 1958 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தார் புனிதமாகக் கருதுவது எதுவாயினும் சட்டத்தின் காப்பில் வரும். பைபிள், குர்ஆன், கிரந்த சாகிப் போன்ற நூல்களும் அதில் அடங்கும் என்றது. ஆனாலும் நெடுநாளாகிவிட்டதென்று வழக்கை முடித்துவிட்டது. அதே நீதிமன்றம், பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை இந்தியில் வெளியிட்ட நூலை உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தபோது, தக்க காரணம் காட்டாத அந்த ஆணை செல்லாது என்று 1976இல் கூறிவிட்டது.

சட்டம் கையைப் பிடித்து நிறுத்தும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. நான் பையனிடம் நெடுநேரம் சொன்னது வேறொருவர் கதையை.

உ.வே. சாமிநாதையர் சைவ மடத்துச் சூழலில், திருவாவடுதுறையில் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்டார். இல்லை. அது சமணக் காப்பியம். சிந்தாமணியில் மயங்கிய சோழனை மீட்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவர் சொல்லிவரும் வரலாறு. அப்படிச் சைவர் ஒதுக்கிய நூலை ஐயர் கையிலெடுத்தார். பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. தானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு போயிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவர் ஊரிலிருந்த சமணர் வீட்டைத் தேடிப் போனார். அங்கே விழாக்கோலம். என்னவென்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்காகப் பூசையாம்! ஏட்டில் தாம் திண்டாடும் நூல், அந்த வீட்டில் உயிரோடு நடமாடுகிறது. அவர்களிடமே உட்கார்ந்து சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் சமணராகிவிடவில்லை, கடைசிவரை திருநீறு அணிந்த சைவர்தான்.

நடந்து களைத்துச் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் உட்கார்ந்தபோது சாரங்கபாணியை மீண்டும் நினைத்துக்கொண்டோம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடி, நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியவர் அவர். தோட்டத்து மக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். தமிழ் நூல்கள் என்றால் தேவாரமும் திருவாசகமும் சீறாவும் இல்லாமலா? சீர்திருத்தக்காரருக்கு அது தெரியாதா என்ன!

பையன் இன்னும் நம்பிக்கையில்லாதவன்தான். கறையைத் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. பழுப்புத்தாளில் அட்டை போட்டுக் கொடுத்தான். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது அவனே படித்துக் காட்டுவதாக அக்காள் தொலைபேசியில் சொன்னாள். வாலியை மறைந்து நின்று கொன்றது நியாயமா என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதமாம். மூன்று நாளாகக் கதை அங்கேயே நிற்கிறதாம்.