பழைய டிரம் செட்டுக்கு ஏன் இந்த மவுசு?

2015 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஜூலியன்ஸ் என்ற ஏலக் கம்பெனி ஒரு பழைய டிரம் செட்டை ஏலம் விட்டது. 20 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம். கறுப்பும் சாம்பலும் கலந்த, சிப்பியின் உட்புறம் போல மினுங்கும் மேலுறை. போன விலை 20 லட்சம் டாலருக்கும் மேல். வாங்கியவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் ஜிம் இர்சே. செட்டின் பழைய சொந்தக்காரர் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். 1963 மே மாதத்திலிருந்து 1964 பிப்ரவரி வரை அவர் வாசித்த செட் அது.

சரி, பீட்டில்ஸ் ஆள் வாசித்தது, விலை போகத்தான் செய்யும். ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. ரிங்கோவின் நிழல்கூடப் படாத, ஏதோ ஓர் அமெரிக்கப் பள்ளிப் பையன் 1965-ல் வாங்கி, இரண்டு வருடம் தட்டிவிட்டு கார் ஷெட்டில் போட்டு வைத்த அதே ரக லுட்விக் செட்டுக்கும் இன்று நல்ல புது செட்டின் விலை கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்து சவுண்ட், இப்ப வராது" என்பார்கள். மரம் காய்ந்து காய்ந்து இறுகி, வயதாக ஆக இனிக்கும் என்று வயலினுக்குச் சொல்லும் கதையை டிரம்முக்கும் சொல்பவர்கள் உண்டு.

இங்கே ஒரு சின்ன விஷயம் இடிக்கிறது. எந்தப் பாடல்களைக் கேட்டு எல்லோரும் இந்த சவுண்டுக்கு அடிமையானார்களோ, அந்தப் பாடல்கள் பதிவானபோது இந்த டிரம்கள் புத்தம் புதியவை! ரிங்கோ 1963-ல் லண்டன் டிரம் சிட்டி கடையில் செட்டை வாங்கி, அதே வருடம் ரெக்கார்டிங்குக்குக் கொண்டுபோனார். மரம் காய்வதற்கு ஏது நேரம்? ஆக, அந்த ஒலிக்கு வயது காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ இருக்க வேண்டும்.

அந்த வேறு ஏதோவைப் பார்க்க டிரம்மைக் கொஞ்சம் பிரித்துப் போட வேண்டும்.

டிரம்மின் உடம்பை ஷெல் என்பார்கள். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உருளையாக வளைத்தது. 60-களின் லுட்விக் ஷெல்லில் மூன்றே அடுக்கு. நடுவில் பாப்லர் என்ற மலிவான, லேசான மரம். அதன் இருபுறமும் மஹோகனி அல்லது மேப்பிள். இவ்வளவு மெலிசாக இருந்தால் வட்டம் கோணிக்கொள்ளும். அதனால் உள்பக்கம் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு மேப்பிள் வளையத்தை ஒட்டினார்கள். ப்ரூக்ளினில் இருந்த கிரெட்ச் கம்பெனி வளையமே இல்லாமல் ஷெல் செய்தது. வடிவத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க, அச்சில் வார்த்த கனமான உலோக வளையங்களைத் தோலின் மேல் பூட்டியது. ஸ்லிங்கர்லாந்து இன்னும் பழைய ஆள். அதன் ரேடியோ கிங் ஸ்நேர் டிரம், ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்துச் செய்தது. (1930-களில் டாம்களின் அடித்தோலை ஆணி அடித்துத்தான் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சுருதி சேர்க்கிற மாதிரி வேண்டும் என்று ஸ்லிங்கர்லாந்திடம் கேட்டு வாங்கியவர் ஜீன் க்ருப்பா. இன்றைய டிரம் செட்டின் உருவம் பாதி அவர் பிடிவாதத்தால் வந்தது.)

அடுத்தது பேரிங் எட்ஜ். தோல் வந்து உட்காரும் ஷெல்லின் விளிம்பு. கதையின் ஹீரோ இதுதான். ஆனால் வெளியில் தெரியாத இடம் என்பதால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு வட்டமான தோலைத் தட்டினால் ஒரே ஒரு சுருதி வராது. அடிப்படைச் சுருதியோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று கணக்கில் சேராத மேல் சுருதிகளும் கிளம்பும். கிடார் கம்பியில் 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்காக வருவதால் அது பாடுகிறது. டிரம்மில் அந்த ஒழுங்கு இல்லாததால் "டொங்ங்" என்று ஓர் இரைச்சல் கலந்து வருகிறது. இந்த இரைச்சலில் எவ்வளவு வெளியே போகிறது என்பதை விளிம்பும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இப்போதைய டிரம்களில் பரவலாக இருக்கிற மாதிரி 45 டிகிரியில் கூர்மையாகச் சீவினால் தோல் ஒரு கோட்டின் மேல் நிற்கும். அதிர்வு நீண்ட நேரம் ஓடும், மேல் சுருதிகள் பளீரென்று கேட்கும். விளிம்பு உருண்டையாக இருந்தால் தோல் அகலமாக மரத்தின் மேல் படியும். அந்த உரசலில் முதலில் சாவது மேல் சுருதிகள். மிச்சம் இருப்பது சீக்கிரம் அடங்குகிற, தடித்த ஒரு "தும்". பழைய லுட்விக்கில் இருப்பது இந்த உருண்டை விளிம்பு. கிரெட்ச் 30 டிகிரியில் சீவியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ருசி.

ஆக, பழைய டிரம்மின் கதகதப்பு என்று சொல்வதில் பெரும்பகுதி, எவை கேட்கவில்லை என்பதைப் பொறுத்தது. மெல்லிய ஷெல், உருண்டை விளிம்பு, லேசான இரும்புச் சாமான்கள். எல்லாமே அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்கு எது சுலபமோ அது.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50-களின் நடுப்பகுதி வரை டிரம்முக்குக் கன்றுத் தோல்தான். மழை நாளில் தொய்ந்துவிடும், வெயிலில் விறைத்துவிடும். பேஸ் டிரம்முக்குள் மின்சார பல்பு எரியவிட்டுத் தோலைக் காய வைத்தவர்கள் உண்டு. (பறையைத் தீயில் காட்டுவது போலத்தான், முறை மட்டும் வேறு.) டூபாண்ட் கம்பெனியின் மைலர் என்ற பாலியெஸ்டர் படலம் வந்ததும் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி போன்றவர்கள் அதில் தோல் செய்தார்கள். ரெமோ கம்பெனி ஹாலிவுட்டில் ஆரம்பித்த வருடம் 1957. சில வருடங்களில் கன்றுத் தோல் சந்தையே படுத்துவிட்டது. இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், "பிளாஸ்டிக் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு" என்று புலம்பும் ரசிகர்கள் விரும்பிக் கேட்கும் 60-களின் ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் தோலில் வாசித்தவை. ஒரே அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். இன்றும் கடையில் கிடைக்கிற சாமான்.

ஸ்டூடியோவின் பங்கைச் சொல்லாவிட்டால் பாவம். 1966-ல் பீட்டில்ஸின் ரிவால்வர் ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமரிக், பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஈ.எம்.ஐ. ஸ்டூடியோ விதிகளை மீறி மைக்கை டிரம்முக்கு மிக அருகில் வைத்தார். 1969-ல் அபே ரோடு ஆல்பத்தின் சமயத்தில் ரிங்கோ தன் டாம்களின் மேல் சமையலறைத் துண்டுகளைப் போட்டு வாசித்தார். அந்த "தப் தப்" சவுண்டுக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பவர்கள் முதலில் ஒரு துண்டு வாங்கிப் பார்க்கலாம் :-)

இதற்கு நேர் எதிர் லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் முன்கூடத்தில் அவருடைய லுட்விக் செட்டைப் போட்டு, மாடிப்படியின் உயரத்திலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு, வேறு மைக்கே இல்லாமல் ஆண்டி ஜான்ஸ் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1971-ல் வெளிவந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பிறகு எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்களுக்கு அதே டிரம்மை வெட்டி எடுத்துப் போட்டார்கள். அங்கே கேட்பது மரமா, 26 அங்குல பேஸ் டிரம்மா, கல் சுவர்களா, போனமின் காலா? பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் விலைக்குக் கிடைப்பது டிரம் மட்டும்தான். அதனால் எல்லாப் பெருமையும் டிரம்முக்குப் போய்விட்டது.

இனி சந்தைக்கு வருவோம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இங்கிருந்து ரொம்பப் பழக்கமான கணக்கு.

1964 பிப்ரவரி 9. எட் சல்லிவன் ஷோவில் பீட்டில்ஸ். அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் டி.வி. முன்னால். ரிங்கோவின் பேஸ் டிரம் முகப்பில் பெரிதாக "லுட்விக்" என்ற பெயர். அதற்கு லுட்விக் கம்பெனி ஒரு பைசா விளம்பரக் கட்டணம் கொடுக்கவில்லை. லண்டன் கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டர் அப்போதுதான் லுட்விக்குக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். ரிங்கோ மயங்கியது அந்தச் சிப்பி நிறத்துக்கு, கம்பெனி எது என்பது பிறகு வந்த விஷயம் என்றுதான் கதை. நன்றிக்கடனாக அந்த வருடம் செப்டம்பரில் வில்லியம் எஃப். லுட்விக் இரண்டாமவர் சிகாகோவில் ரிங்கோவுக்குத் தங்க முலாம் பூசிய ஸ்நேர் டிரம் ஒன்றைக் கொடுத்தார். அது மலிவான பேரம்!

சிகாகோ டேமன் அவென்யூ தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. அவசரத்தின் அடையாளங்கள் இன்றும் அந்த டிரம்களில் இருக்கின்றன. பேட்ஜ் கோணலாக இருக்கும், விளிம்பு ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி சீவியிருக்கும். பேட்ஜில் உள்ள வரிசை எண்ணை வைத்து வருடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் தொழிலாளிகள் பெட்டியிலிருந்து கைக்கு வந்த பேட்ஜை எடுத்து ஒட்டினார்கள். ஷெல்லின் உள்ளே சிவப்பு மையில் குத்திய தேதி முத்திரை தெரிந்தால்தான் நம்பிக்கை. "அந்தக் காலத்துக் கைவேலை" என்று உருகுபவர்கள் ஒரு 1965 லுட்விக்கைக் கழற்றி உள்ளே பார்ப்பது நல்லது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பெரிய கம்பெனிகள் டிரம் கம்பெனிகளை வாங்கின. ராஜர்ஸ் 1966-ல் சி.பி.எஸ்.ஸுக்கு, கிரெட்ச் 1967-ல் பால்ட்வினுக்கு, லுட்விக் 1981-ல் செல்மருக்கு. நடுவில் டாமா, பேர்ல், யமஹா என்று ஜப்பான்காரர்கள் கனமான ஸ்டாண்டுகளோடு வந்தார்கள். ராக் இசையின் சத்தம் கூடியது, டிரம்களும் தடித்தன. லுட்விக்கே 1970-களின் நடுவில் மூன்றடுக்கை விட்டு ஆறடுக்குக்கு மாறியது.

நிஜமான நாசம் வீடுகளில் நடந்தது. புது ஸ்டாண்டைப் பூட்டுவதற்காகப் பழைய ஷெல்களில் டிரில் போட்டார்கள். 70-களின் ஃபேஷன் என்று அடித்தோலைக் கழற்றி வளையங்களைத் தூக்கி எறிந்தார்கள். சிப்பி நிறம் பழசாகிவிட்டது என்று உரித்து பெயின்ட் அடித்தார்கள். (அந்த மேலுறையைக் கேலியாகக் கழிப்பறை மூடி முத்து என்பார்கள். டாய்லெட் சீட்டுக்கும் அதே பிளாஸ்டிக்தான்.) அன்று யாருக்கும் அது பொக்கிஷமாகத் தெரியவில்லை. பழைய டிரம், அவ்வளவுதான்.

இன்றைய விலைப்பட்டியல் அந்த டிரில் மெஷின் எழுதியது. புதிதாக ஒரு 1964 செட்டை இனி யாரும் தயாரிக்க முடியாது. இருப்பதில் துளை விழாதவை குறைவு. ஒரே நாளில் ஒன்றாகப் பிறந்த செட், பிரிந்து போகாமல், அசல் மேலுறையோடு, கூடுதல் துளை இல்லாமல் வந்தால் ஒரு விலை. ஒரு துளை இருந்தால் விலை சடாரென்று இறங்கும். அந்தத் துளையால் ஒலியில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. நிறத்துக்கும் அப்படியே. கறுப்புச் சிப்பிக்கு ரிங்கோ வரி உண்டு. அதே வருடத்து, அதே மரத்து வேறு நிறத்துக்கு அது கிடையாது.

ஜாஸ் பக்கம் இதன் உச்சம் கிரெட்சின் 18 அங்குல பேஸ் டிரம். 1963-ல் 17 வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் போன்றவர்களால் அந்தச் சின்ன செட் புகழ் பெற்றது. அசல் எண்ணிக்கை குறைவு. தேவை அதிகமானதும் ஃப்ளோர் டாமைப் பேஸ் டிரம்மாக மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலையும் தொடங்கியது. மாற்றியது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பவர்களால்தான் வாங்குபவர்கள் டார்ச் லைட்டோடு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். லுட்விக் தன் லெகசி வரிசையில் மூன்றடுக்கு ஷெல்லையும் உள்வளையத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. கிரெட்ச் பழைய மாதிரி மூன்றடுக்கில் பிராட்காஸ்டர் என்ற பெயரைத் திரும்ப எடுத்தது. ஒலி கிட்டத்தட்ட அங்கேயே போய் நிற்கிறது. பழைய செட்டுகளின் விலை அதற்காக விழுந்துவிடவில்லை. ஒலிக்காக மட்டும் கொடுத்த விலையாக இருந்தால் விழுந்திருக்க வேண்டும்.

வாசிப்பதற்காக வாங்குகிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். லுட்விக்கின் சுப்ராஃபோனிக் என்ற அலுமினிய ஸ்நேர் டிரம் ஓர் உதாரணம். 60-களிலிருந்து எண்ணற்ற ரெக்கார்டுகளில் இருப்பது அது. போனம் வாசித்ததும் அந்த வகைதான். அலுமினியத்தின் மேல் குரோம் சரியாகப் பிடிக்காது. வருடங்கள் போகப் போக அம்மைத் தழும்பு போலப் பொரிந்து உதிரும். சேகரிப்பவர்கள் அதைப் பார்த்ததும் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார்கள். விலை இறங்கும். வாசிப்பவர்கள் அந்தத் தழும்பு பிடித்ததைத் தேடிப் பிடித்து, புதுத் தோல் போட்டு, மறுநாள் ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போகிறார்கள்.