பெயருக்கு இடமில்லாத படிவம்: கொல்கத்தாவில் சாப்பிள்ளைப் பேறும் பெற்றோர் துயரும்

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை எரிக்காமல் புதைக்கச் சொல்கிறது மனு. நீர்க்கடனும் வேண்டாம் என்கிறது. இறந்தே பிறந்த குழந்தைக்கோ அந்த அளவு சடங்குகூடக் கிடையாது. சடங்கு இல்லையென்றால் துக்கமும் மெலிதாகத்தான் இருந்திருக்கும் என்று முடிவுகட்டுவது எளிது. குழந்தைச் சாவு மலிந்த இடத்தில் தாய்மார் பாசத்தையே ஒத்திப்போடுகிறார்கள் என்று வடகிழக்கு பிரேசிலை வைத்து 1992இல் வாதிட்டார் மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ். அதை அப்படியே வங்கத்துக்கும் நீட்டிப் பார்க்கத் தோன்றும். பொருந்தாது என்பதே என் வாதம். கொல்கத்தாவில் இந்தத் துயருக்கு ஒரு வடிகால் இருந்தது. பேறு மருத்துவமனைக்குப் போனதோடு அது தூர்ந்துபோனது. அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

அந்த வடிகாலைச் சடங்கில் தேடினால் கிடைக்காது. பெயர்களில் தேட வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தை தங்கினால், அதை மருத்துவச்சிக்கோ அண்டை வீட்டாருக்கோ ‘விற்று’, சில சோழிகளுக்குத் திரும்ப வாங்குவார்கள். மூன்று சோழிக்கு வாங்கியது தீன்கொரி, ஐந்துக்கு வாங்கியது பாஞ்ச்கொரி. 1893இல் வங்க நாடகாசிரியர் கிரீஷ் கோஷின் ‘மேக்பெத்’ நாடகத்தில் நாயகியாக நடித்தவர் தீன்கொரி தாசி என்பதிலிருந்து இப்பெயர்களின் புழக்கத்தை ஊகிக்கலாம். தவிட்டுக்கு விற்று வாங்கியும், குப்பையில் புரட்டிக் குப்பன், குப்பாயி என்று பெயரிட்டும் வந்த தமிழருக்கு இது விளக்கம் தேவையில்லாத செய்தி. எமனை ஏமாற்றும் தந்திரம் என்பதோடு இதை நிறுத்திவிடுகிறோம். ஆனால் போன குழந்தைக்குப் பெயர் வைக்க வழியில்லாத பெற்றோர், இருக்கும் குழந்தையின் பெயரில் அதன் நினைவை ஆயுள் முழுக்கக் கூப்பிட்டார்கள். பாசத்தை ஒத்திப்போட்டவர்கள் செய்கிற காரியமா இது?

இன்று மேற்கு வங்கத்தில் பத்துக்கு ஒன்பது பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. சாப்பிள்ளையை யார் பார்ப்பது, யார் வாங்கிப் போவது என்பதெல்லாம் இப்போது நிறுவனத்தின் நடைமுறை. சட்டத்தைப் பார்த்தால் வியப்பு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969), ‘பிறப்பு’ என்பதில் சாப்பிள்ளைப் பேற்றையும் சேர்க்கிறது. ‘இறப்பு’ என்பதையோ உயிரோடு பிறந்த பின் நேர்வது என்று வரையறுக்கிறது. ஆக, பிறந்தது உண்டு, இறந்தது இல்லை. 28 வாரம் கடந்தால் நிரப்ப வேண்டிய படிவம் 3இல் பிறந்த தேதி, பால், பெற்றோர் பெயர், கர்ப்ப வாரம், தெரிந்தால் கருச்சாவின் காரணம் என்று எல்லாம் உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைக்கான படிவம் 1இல் இருக்கும் குழந்தையின் பெயருக்கான கட்டம் மட்டும் இல்லை.

அந்தக் கட்டத்தைச் சேர்த்துப் பெயர் எழுதச் சொன்னால் ஆறுகிற புண்ணைக் கிளறியதாகாதா என்ற மறுப்பு லேசானதல்ல. 2002இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், குழந்தையைத் தூக்கி வைத்திருந்த தாய்மாரிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது. 1996இல் வெளியான சுவீடிஷ் ஆய்விலோ, விரும்பிய நேரம்வரை குழந்தையோடு இருக்க முடியாதவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கட்டாயமும் தடையும் ஒருசேரத் தவறு என்றே படுகிறது. கால்தடம் எடுப்பது, படம் எடுப்பது போன்ற மேலைநாட்டுப் பழக்கங்களை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அவற்றைப் பலர் அமங்கலமென்றே நினைக்கலாம், நினைக்கட்டும். கட்டம் இருந்தால் காலியாகவும் விடலாம்.

சாவைத் தடுக்கவே பணம் போதாத நாட்டில் படிவத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்போருக்கு ஒன்று: 2014இன் இந்தியப் பச்சிளங்குழந்தை செயல்திட்டம், சாப்பிள்ளை விகிதத்தை 2030க்குள் ஆயிரத்துக்குப் பத்துக்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. உலக அளவில் இச்சாவுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேல் பிரசவ வலி தொடங்கிய பிறகே நேர்கின்றன. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பெற்றோர் கேட்கிற கேள்வியும் கணக்கெடுப்புக்கு வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். படிவத்தில் உள்ள கோணல் விடுப்பிலும் உண்டு. மகப்பேற்று நலச் சட்டம் (1961) ‘குழந்தை’ என்பதில் சாப்பிள்ளையையும் அடக்கியது. மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 2022 செப்டம்பர் ஆணை 60 நாள் சிறப்பு விடுப்பு தருகிறது. கேனிங்கிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து பாலிகஞ்ச் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கு இரண்டுமே எட்டியதில்லை. அந்த ஆணையில் தகப்பனுக்கு ஒரு நாளும் இல்லை.