கோட்டைக்குள் போன கற்கள்

திருகோணமலையைப் பற்றி எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் அதன் துறைமுகத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என எல்லோரும் அந்தத் துறைமுகத்தின் பொருட்டே வந்தார்கள் என்பதால் அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கப்பல்களைக் கணக்கெடுக்கும் வரலாற்றில் கடைத்தெருவுக்கும் கோவிலுக்கும் அதிகம் இடம் கிடைப்பதில்லை. உட்துறைமுகத்தை அண்டிய விடுதியொன்றில் சில நாட்கள் தங்கியிருந்தபோது காலையும் மாலையும் நடந்தே நகரைச் சுற்றினேன். அந்த நடையில் கண்டவற்றையும் அவற்றின் பின்னாலுள்ள வரலாற்றையும் சேர்த்து இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சந்தை. மீன், மரக்கறி, கருவாடு, மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கே வந்து சேர்கிறது. தயிருக்குக் கிண்ணியா, நெல்லுக்குத் தம்பலகாமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்குள்ள மக்கள் 'பாதை' என்று அழைக்கப்பட்ட மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வந்தார்கள். மூதூர்க்காரர்கள் குடாவைப் படகில் கடந்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்கள வியாபாரிகள் அருகருகே கடை விரித்திருக்கிறார்கள். விலை பேசும்போது இரண்டு மொழிகளும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதைக் கேட்கலாம்.

இந்த அமைதியை மட்டும் எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது. 2005 மே மாதத்தில் சந்தைக்கு அருகே, பஸ் நிலையப் பகுதியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. அதையடுத்துக் கடையடைப்பும் பதற்றமும் ஏற்பட்டன. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006இன் ஏப்ரல் 12ஆம் திகதி, புத்தாண்டுக்குப் பொருள் வாங்க மக்கள் கூடியிருந்த மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. சில நிமிடங்களிலேயே தமிழர்களின் கடைகள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இன்று அதே தெருக்களில் புத்தாண்டுச் சேலைகள் தொங்குகின்றன. அந்த நாளை நினைவூட்டும் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

சந்தையிலிருந்து சற்று நடந்தால் பத்திரகாளி அம்மன் கோவில். விளையாட்டரங்கின் அருகே, போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவில் வண்ணக் கோபுரத்துடன் நிற்கிறது. கோணேசர் கோவில் மலையின் உச்சியில் இருக்க, காளி ஊருக்குள் இருக்கிறாள். நவராத்திரிக் காலத்தில் திருகோணமலைத் தெருக்களில் கும்பம் எடுக்கும் வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பெரிய கும்பங்களைத் தலையில் தாங்கி இரவு முழுவதும் ஊர்வலம் வருவது இந்த நகருக்கே உரிய சிறப்பு.

அங்கிருந்து கடலை நோக்கிச் சென்றால் பிரெட்ரிக் கோட்டை வருகிறது. வாயிலருகே புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் மேய்கின்றன. வாயிற்கல்லில் இணைக் கயல்களும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கி பிரிப்பான் என்று முன்கூட்டியே சொல்லும் வாசகமாக அதை வாசிப்பது மரபு. அந்த வாசிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கல் இருக்கும் இடம்தான். கோவிலில் இருந்திருக்க வேண்டிய கல் கோட்டை வாயிலில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இந்தக் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினான். புத்தாண்டு நாளில் சுவாமி வீதியுலா சென்றிருந்த வேளையில், அந்தணர் வேடத்தில் படையினர் உள்ளே நுழைந்தார்கள் என்பது வழிவழிக் கதை. அந்தக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் அது ஒரே ஆண்டுக்குள் பிரித்தானியரிடமும் பின்னர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானிடமும் கைமாறியது. 1795இல் மீண்டும் பிரித்தானியர் வந்தார்கள். 1803இல் தம் அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். கோட்டையின் பெயர் இன்றும் அதுதான். உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது. கோணேசரைக் காணச் செல்பவர் அந்த வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும்.

கோவில் இல்லாத முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலும் வழிபாடு நின்றுவிடவில்லை. மலை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்து, பூவும் பழமும் அலையில் இட்டதைப் பிரித்தானியர் காலப் பயணக் குறிப்புகள் சொல்கின்றன. காப்பாற்றப்பட்ட திருவுருவங்களோடு தம்பலகாமத்தில் ஆதிகோணேஸ்வரம் எழுந்தது என்பர். 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய உலோகத் திருமேனிகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் மூழ்கிக் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். இன்றைய கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது.

மலைக்கு ஏறும் பாதையின் ஓரத்தில் அருச்சனைத் தட்டும் தாமரைப் பூவும் பனம்பொருட்களும் விற்கும் கடைகள் உள்ளன. 2022இல் இந்தக் கடைகளை எங்கே அமைப்பது என்ற கேள்வி பெரிய சர்ச்சையாகியது. தொல்லியல் நிலம் யாருடையது, கோவில் சூழல் யாருடையது என்ற பழைய வழக்கின் புதிய வடிவமே அது. வெறும் பெட்டிக்கடைத் தகராறு என்று கொழும்பில் இருப்பவருக்குத் தோன்றலாம். ஒருமுறை கோவிலின் கற்கள் முழுவதையும் இழந்த ஊர், ஒவ்வொரு அடி நிலத்தையும் ஐயத்துடன் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆயினும் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. சிவராத்திரியை அடுத்து கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருகிறார். வாசல்தோறும் நிறைகுடம் வைத்து மக்கள் அவரை வரவேற்கிறார்கள். கோட்டைகள் அரசுகளுக்காகக் கைமாறின. இந்தத் தெருக்களோ மக்களிடமே இருந்துவருகின்றன. திருகோணமலையின் வரலாற்றைத் துறைமுக ஆவணங்களில் தேடும் இளைய பத்திரிகையாளர்கள், ஒரு காலைப் பொழுதையேனும் சந்தையில் செலவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2006 ஏப்ரலில் அங்கே நின்றவர்கள் பலர் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்காவிட்டால், அதுவும் கோட்டைக்குள் போன கற்களைப் போல் அடையாளம் இழந்துவிடும்.