பழுவூர் முதல் கங்கைகொண்ட சோழபுரம் வரை: திராவிட விமானத்தின் தோற்றம் – ஒரு மறுநோக்கு

திராவிடக் கோயிற்கட்டடக்கலையின் தோற்றத்தை ஆராயப் புகுவோர் ‘திராவிடம்’ என்னும் சொல்லின் இருவேறு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். மயமதம் முதலான தென்னாட்டுச் சிற்பநூல்கள் விமானங்களை வடிவம் பற்றிப் பகுக்கின்றன. சதுரம் நாகரமாகவும், எண்கோணம் திராவிடமாகவும், வட்டம் வேசரமாகவும் பொதுவில் கொள்ளப்படும். 1876இல் வெளிவந்த ஜேம்ஸ் பெர்குசனின் நூலோ தென்னிந்தியக் கட்டடமரபு முழுமைக்கும் அச்சொல்லை வட்டாரப் பெயராக ஆண்டது. முன்னது வடிவப் பெயர். பின்னது மரபுப் பெயர். இவ்விரண்டும் மயங்குவதால் நேரும் இடர்ப்பாட்டை அரியலூர் மாவட்டக் கோயில்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் அமைந்த அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம், சோழர்க்குட்பட்ட பழுவேட்டரையர்களின் கோயிலாகும். ஒரே வளாகத்தில் மேற்கு நோக்கிய இரு கற்றளிகள் உள்ளன. தென்வாயில் ஸ்ரீகோயில், வடவாயில் ஸ்ரீகோயில் எனக் கல்வெட்டுகள் இவற்றைச் சுட்டுகின்றன. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்தன் காலத்திலேயே இவை வழிபாட்டில் இருந்தன. அளவிற் சிறியனவாயினும் தாங்குதளம், சுவர், கூரை, தளங்கள், கழுத்து, சிகரம் என்னும் உறுப்பமைதி இவற்றில் முழுமை பெற்றுள்ளது.

முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இதே உறுப்பமைதியை ஏறத்தாழ 53 மீட்டர் உயரத்திற்கு வளர்த்தெடுக்கிறது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் குறுகி உயர, இதுவோ உள்வளைந்து உயர்கிறது. கீழே சதுரமாகத் தொடங்கும் வடிவம் இடையில் எண்கோணமாகி மேலே வட்டத்தை அணுகுகிறது. சிற்பநூற் பகுப்பின்படி நோக்கின் மூவகை வடிவங்களும் இவ்வொரு விமானத்தில் இணைகின்றன. மரபு நோக்கில் இது திராவிடக் கலையின் உச்சங்களுள் ஒன்று. எனவே வடிவப் பெயரைக் கொண்டு மரபின் பிறப்பை நிறுவுதல் இயலாது.

தோற்றத்திற்கான சான்று உறுப்புகளிலேயே பொதிந்துள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. அப்பொருள்களால் கோயில் கட்டும் வழக்கம் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது என்பது இதனாற் பெறப்படும். கற்றளிகளின் வளைந்த கபோதமும் அதன்மேல் அமைந்த கூடும் மரக்கூரையின் கல்வடிவங்களே. ஆகவே பழுவூரும் கங்கைகொண்ட சோழபுரமும் இம்மரபின் பிறப்பிடங்கள் அல்ல. மரத்திலும் செங்கல்லிலும் உருவான உறுப்பமைதி கல்லில் நிலைபெற்று, பின்னர்ப் பேருருக்கொண்ட இரு கட்டங்கள். பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரம் உள்ளிட்ட பிற கோயில்களையும் பெயர்வகை நோக்கில் அன்றி உறுப்புவகை நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தலே இவ்வட்டாரக் கட்டடக்கலை வரலாற்றைத் துலக்கும்.