அன்று விழப் பயந்தோம்

பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர்தான். "தாத்தா, நான் சைக்கிள்ல போறேனே" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகனும் மருமகளும் அரை மனதாகச் சரி என்றுவிட்டார்கள். கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்பவள் என் மனைவி. எனக்கு அதுதான் ஆச்சரியம். 1992இல் இதே புதுக்கோட்டையில் சைக்கிள் பழகிய பெண்களில் அவளும் ஒருத்தி.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. கல்குவாரியில் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று எல்லோரும் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தில் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500 பேருக்கு மேல் ஊர்வலம் வந்தார்கள். மாவட்டத்தில் பழகியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

நான் அப்போது பள்ளி ஆசிரியர், அறிவொளித் தொண்டர். சாயங்காலம் மைதானத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடியிருக்கிறேன். "விடாதீங்க சார், விடாதீங்க" என்று கத்துவார்கள். நாலு நாள் மைதானம், ஐந்தாம் நாள் ரோடு. பயம் எல்லாம் விழுவதைப் பற்றியும், ஊர் வாயைப் பற்றியும்தான். ரோட்டைப் பற்றி யாரும் பயந்ததாக எனக்கு நினைவில்லை. எப்போதாவது ஒரு பஸ், ஒரு லாரி வரும். அது தூரத்தில் வரும்போதே இறங்கி ஓரமாக நிற்க நேரம் இருந்தது.

இதைச் சொல்லி மனைவியிடம் வாதாடினேன். அவள் சொன்னாள்: "அப்ப நான் விழுந்துடுவேனோன்னு பயந்தேன். விழுந்தா முழங்கால்தானே போகும். இவ ஒழுங்காத்தான் ஓட்டுவா. பின்னால வர்றவன் ஒழுங்கா வரணுமே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. புதிதாகப் பழகுகிறவர் தள்ளாடத்தான் செய்வார். தள்ளாடினால் மன்னிக்கிற ரோடு அன்று இருந்தது, இன்று இல்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் அது விரிந்தது. அருமையான திட்டம். சைக்கிள் கொடுத்த நாம் அதை ஓட்டப் பாதை கொடுக்க மறந்துவிட்டோம்.

காலம் மாறிவிட்டது, என்ன செய்வது என்பீர்கள். சைக்கிள் நாடு என்று நாம் சொல்லும் நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கார்கள் பெருகி, 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவை மறித்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே இயக்கத்தின் பெயர். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசு மெல்ல வழிக்கு வந்தது. பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தார்கள். இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் போவது சாதாரணம். ரோடு தானாகக் கெட்டதுமில்லை, தானாகத் திருந்தியதுமில்லை.

இப்போதைக்கு வீட்டில் ஒரு உடன்பாடு. தினமும் காலை ஆறு மணிக்கு, வண்டிகள் கிளம்புமுன், பின்தெரு வழியாகப் பேத்தி முன்னே, நான் பின்னே. பள்ளிக்குப் போவதைப் பிறகு பார்க்கலாம். கூடவே ஒரு மனுவும் எழுதியிருக்கிறேன்: பள்ளி நேரத்தில் லாரிகள் அந்தச் சாலையில் வரக்கூடாது, பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும், ஓரத்தில் கோடு போட்டு சைக்கிளுக்கு இடம் விட வேண்டும். முதல் கையெழுத்து என் மனைவி போட்டாள். பக்கத்துத் தெருக்காரர்கள் மாலையில் வீட்டுக்கு வந்தால் காப்பியும் உண்டு, பேனாவும் உண்டு.