மூச்சும் மணியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழி நெடுகிலும் வானத்தை நம்பி வாழும் நிலங்களையே காண்கிறோம். பருத்தியும் மிளகாயும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிப் பூமி அது. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழை தந்ததைக் கண்மாயில் தேக்கி வைத்து, மடை வழியே வயலுக்குப் பாய்ச்சி வாழ்ந்தவர்கள் அம்மக்கள். கண்மாய் நிறைந்திருக்கும்போது எவரும் முறை பேசுவதில்லை. நீர் குறையத் தொடங்கியதும் முறை வந்துவிடும். இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று ஊர் கூடி வகுத்துவிடும். கடிகாரம் வராத காலத்தில் நிழலையும் விண்மீனையும் பார்த்து முறை மாற்றிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல. மடைக்கு அருகில் நிலம் உடையவன் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான்? அவனுக்காகவே முறை என்பது ஏற்பட்டது.

விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவன் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறானே என்று நேயர்கள் எண்ணலாம். விளையாட்டிலும் இதே வழக்கு உண்டு. அங்கே பங்கிட வேண்டிய பொருள் நீரன்று, நேரம். கூடைப்பந்தில் ஓர் அணி பந்தைக் கைக்கொண்ட பின் குறிப்பிட்ட விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தே தீரவேண்டும் என்பது ஒரு விதி. அந்த விநாடிகளைக் காட்டும் கருவியை ‘ஷாட் கிளாக்’ என்பர். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆடும் ஆட்டத்திலும் இந்த மணி வேண்டுமா என்பது கேள்வி. இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்வதற்கு முன், நம் ஊர் மண்ணில் ஆடிய ஓர் ஆட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

சடுகுடு ஆடாத ஊர் இப்பகுதியில் இராது. அறுவடை முடிந்த வயலும் ஆற்று மணலும் கண்மாய்க் கரையும் அதற்குக் களங்கள். நடுவே ஒரு கோடு. இரு பக்கமும் ஆட்கள். வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. பாடிச் செல்பவன் எதிர்க்களத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? அவனுடைய மூச்சு நிற்கும் வரையில் நிற்கலாம். மூச்சை விட்டால் ஆட்டத்தை இழந்தான். எதிரியின் களத்தில் நிற்பவனுக்கு அவன் நெஞ்சுக்கூடே கடிகாரமாக அமைந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டாத கடிகாரம். ஏழைக்கும் செல்வனுக்கும் இயற்கை தந்த கடிகாரம். திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த இரமண மகரிஷி, மனமும் மூச்சும் தோன்றும் இடம் ஒன்றே என்று உபதேசித்தார். அந்த மெய்ப்பொருளை நாம் ஆராய வேண்டியதில்லை. எதிரிகள் எழுவர் சூழ்ந்து நிற்கையில் மனம் கலங்கினால் பாட்டும் அறுந்துபோகும் என்பதைச் சடுகுடு ஆடிய சிறுவன் எவனும் அறிவான்.

ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த இவ்வாட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய நாட்டிலும் பரோடாவிலும் எழுதப்பட்ட விதிகளைப் பெற்றது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலத்தார் அதை உலகுக்கு ஆடிக் காட்டினர். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டுகளில் கபடி பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. களம் விரிந்தது, காண்போர் கூட்டம் பெருகியது, ஆரவாரத்தில் பாடுபவனின் மூச்சு நடுவர் காதில் விழுவது அரிதாயிற்று. 2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகளில் ஒருவர் பாடிச் செல்லும் நேரம் 30 விநாடி என்று கடிகாரத்தால் அளக்கப்பட்டது. பாட்டு நீங்கவில்லை, ஆனால் மூச்சுக்கு மேலே மணி வந்து அமர்ந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மூச்சின் எல்லை ஒருவன் எதிர்க்களத்தில் தங்கும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்தியது. அவன் முயன்றே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. முன்னணியில் இருக்கும் அணியின் ஆள், எவரையும் தொட முயலாமல் கோட்டருகே உலாவிவிட்டுத் திரும்பலாம். இக்குறையைத் தீர்க்கவே குறுக்குக்கோடு ஒன்றைக் குறித்தனர். ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் உள்ள அதைப் பாடிச் செல்பவன் ஒரு முறையேனும் கடந்தாக வேண்டும். அதுவும் போதவில்லை. ஆகவே, தொடர்ந்து இரு முறை ஓர் அணி வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை செல்பவன் புள்ளி பெற்றே திரும்ப வேண்டும், இல்லையேல் ஆட்டமிழக்க வேண்டும் என்ற விதி புரோ கபடியில் வந்தது. மணி மட்டும் சோம்பலைத் தடுக்காது. முயற்சியையும் கட்டாயமாக்க வேண்டும் என்பது சடுகுடு தரும் பாடம்.

இனிக் கூடைப்பந்தின் கதைக்கு வருவோம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை 13 விதிகளோடு அமைத்தார். ஆட்டத்தின் நடுவே ஓர் அணி பந்தை எவ்வளவு நேரம் தன்னிடம் வைத்திருக்கலாம் என்று அவ்விதிகளில் வரையறை இல்லை. அச்சங்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியை நிறுவினார். அங்கே பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிய ஆட்டங்களைக் கொண்டு சென்றனர். சடுகுடு உலகோர் கண்முன் ஆடப்பட்ட அதே 1936 பெர்லினில்தான் கூடைப்பந்தும் ஒலிம்பிக் பதக்கப் போட்டியாயிற்று.

வரையறை இல்லாத இடத்தில் சூழ்ச்சி புகும். 1950 நவம்பர் 22-ஆம் நாள் போர்ட் வெய்ன் அணி, மினியாபொலிஸ் அணியை 19–18 என்ற கணக்கில் வென்றது. எதிரணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற உயர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். அவர் கைக்குப் பந்து போகாதிருக்க ஒரே வழி, பந்தைத் தாமே வைத்துக்கொள்வது என்று போர்ட் வெய்ன் அணியார் முடிவு செய்தனர். 48 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 37 மட்டுமே. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலும் சோவியத் அணி இவ்வாறே பந்தைத் தன்னிடம் நிறுத்தி ஆடிற்று; அமெரிக்கா 36–25 என்று வென்றது.

சிராக்கியூஸ் அணியின் உரிமையாளர் டானி பியாசோனும், அவ்வணியின் மேலாளர் லியோ பெர்ரிஸும் இதற்கு மாற்றுக் கண்டனர். அவர்கள் போட்ட கணக்கு எளியது. மக்கள் விரும்பிக் கண்ட ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 60 முறை எறிந்தது. இரண்டும் சேர்ந்து 120. ஆட்டத்தின் நேரம் 2,880 விநாடி. வகுத்தால் வருவது 24. 1954-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 24 விநாடி விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 79 புள்ளிகள் எடுத்தது. விதி வந்த ஆண்டில் 93. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1956-இல் 30 விநாடி விதியை ஏற்று, 2000-இல் அதை 24 ஆகக் குறைத்தது.

ஆனால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் நெடுங்காலம் இதனை ஏற்கவில்லை. 2021-இல்தான் அந்நாட்டுப் பள்ளிக் கூட்டமைப்பு, விரும்பும் மாநிலங்கள் 2022–23 முதல் 35 விநாடி மணியை வைத்துக்கொள்ளலாம் என்று இசைவு தந்தது. கட்டாயம் என்று கூறவில்லை. மறுத்தவர்கள் கூறிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கருவிக்குப் பணம் வேண்டும். அதை இயக்கப் பழகிய ஆள் வேண்டும். இளம் ஆட்டக்காரர் பதற்றத்தில் கண்டபடி எறிவர். வலிய அணியை எதிர்க்கும் மெலிய அணிக்குப் பந்தைக் காத்து ஆடுவது ஒன்றே கவசம்.

இவ்வாதங்களை நம் வறண்ட நாட்டுப் பள்ளியில் வைத்து எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் கூடைப்பந்து உலக விதிகளைத் தழுவியே ஆடப்படுவதால், ஏட்டில் இக்கேள்விக்கு இடமில்லை. ஏடு வேறு, களம் வேறு. மண் தரையில் சுண்ணாம்புக் கோடு இட்டு, இரு கம்பங்கள் நட்டு ஆடும் பள்ளிக்கு மின்சார மணி எங்கிருந்து வரும்? நகரத்துப் பள்ளி மாணவன் நாள்தோறும் மணியின் கீழ்ப் பழகுகிறான். கிராமத்து மாணவன் மாவட்டப் போட்டிக்கு வந்த அன்றுதான் தலைக்கு மேல் விநாடி குறைவதைக் காண்கிறான். அவன் தோற்பது திறமைக் குறைவால் அன்று, பழக்கக் குறைவால். விதி எல்லார்க்கும் ஒன்றாக இருந்து, அதைக் கற்கும் வாய்ப்பு ஒன்றாக இல்லாவிடில், அந்த விதியும் மடையை அடைத்துக்கொண்டவனுக்கே துணை செய்யும்.

அப்படியானால் மணி வேண்டாம் என்பதா? அன்று. மெலியவனின் கவசம் என்று சொல்லப்படும் அதே உத்தி, ஒரு புள்ளி முன்னே சென்ற வலியவன் கையிலும் ஆயுதமாகிறது. அப்போது பின்தங்கிய சிறுவன் பந்தைத் தொடாமலே தோற்று வீடு திரும்புகிறான். ஆட வந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. முயற்சிக்கு முறை வேண்டும். பந்து எல்லார் கைக்கும் வந்து போக வேண்டும். முறை என்பது கடைமடைக்காரனுக்காக ஏற்பட்டது என்பதை மறவாதிருப்போம்.

மணிக்கு மின்சாரம் இன்றியமையாததும் அன்று. கூடைப்பந்தில் 5 விநாடி, 8 விநாடி வரையறைகளை நடுவர் இன்றும் கையை அசைத்து எண்ணியே காட்டுகிறார். அதுபோல, மேசையருகே ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தோடு அமர்ந்து, 10 விநாடி எஞ்சியிருக்கும்போது கொடியை உயர்த்தி, நேரம் தீர்ந்ததும் விசில் ஊதினால் போதும். ஒரு மாணவனையே இதற்குப் பழக்கலாம். 14 வயதுக்கு உட்பட்டோர்க்கு மணியே வேண்டாம். அவர்கள் முதலில் பந்தைப் பிடிக்கவும் கொடுக்கவும் கற்கட்டும். அதற்கு மேற்பட்டோர் 35 விநாடியில் தொடங்கி 24-க்கு வரட்டும். மாவட்டப் போட்டியில் மின்மணி வைப்பவர்கள், அதில் கலந்துகொள்ளும் பள்ளிகள் யாவும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மணியோடு பழகியுள்ளனவா என்று முதலில் கேட்கட்டும்.

நம் முன்னோர் சடுகுடுவில் சிறுவனின் மூச்சையே கடிகாரமாக வைத்தனர். அந்தக் கடிகாரம் இல்லாத சிறுவன் எவனும் இல்லை. பள்ளிக்கூடத்து ஆட்டத்தில் நாம் எந்த மணியை வைத்தாலும், அது அவ்வாறே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய மணியாக இருக்கட்டும்.